சத்தமே இல்லாத ஊரில் இறங்கினேன்: டோக்கியோ, முதல் இரவு

தயக்கக்காரி எழுதியது:

எனக்கு வயது 56. போன மாதம்தான் முதல்முறையாக நாட்டை விட்டு வெளியே போனேன், அதுவும் தனியாக. பயணத் திட்டம் என்னுடையது அல்ல, தங்கையுடையது. இரண்டு வருடமாக ஜப்பான் ஜப்பான் என்று அவள்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதுதான் என் வேலை என்று இருந்தேன். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது மாடிப்படியில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். டிக்கெட் பணம் திரும்பி வராது. "நீயாவது போ" என்றாள். மாட்டேன் என்றால் காலை முறித்ததே நான்தான் என்பது போல ஒரு பார்வை. போனேன்.

விமானத்தில் கண்ணை மூடவில்லை. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், கையில் எவ்வளவு பணம், ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நரிட்டா விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கருவியில் வைக்கச் சொன்னார், முகத்தைப் படம் எடுத்தார். என் இடது விரல் பதியவே இல்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, விரல் நுனி மட்டும் காய்ந்து கிடக்கிறது. அவர் தன் விரலை நெற்றியில் தேய்த்துக் காட்டினார். நானும் தேய்த்து வைத்தேன், பதிந்துவிட்டது. கடவுச்சீட்டில் ஒரு ஒட்டுவில்லையை ஒட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான். அத்தனை பதில்களும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

எனக்கு உண்மையில் பயம் வந்தது அதற்கு அப்புறம். அந்தக் கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள், பேச்சுச் சத்தம் இல்லை. பெட்டிச் சக்கரங்களின் ஓசை மட்டும். கூட்டம் என்றால் இரைச்சல் இருக்கும் என்று பழகிய காது எனக்கு. இரைச்சல் இல்லாத கூட்டத்தைப் பார்த்தால் ஏதோ கெட்ட சேதி வந்திருக்கிறது என்று மனசு முடிவு கட்டுகிறது.

கழிவறைக்குப் போனேன். சுவரில் ஒரு பலகை, வரிசையாகப் பொத்தான்கள், எல்லாம் அவர்கள் எழுத்து. இசைக்குறி போட்ட ஒன்றை அமுக்கினேன். சளசளவென்று தண்ணீர் ஓடும் சத்தம். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை! மறுபடி அமுக்கினேன், மறுபடி சத்தம். கோளாறு என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த பெரிய ஆரஞ்சுப் பொத்தானை அமுக்கினேன். வெளியே மணி அடித்தது. ஒரு பெண் ஊழியர் ஓடிவந்து கதவைத் தட்டினார். நான் உள்ளிருந்து "சாரி, சாரி" என்கிறேன், அவர் வெளியிலிருந்து "டைஜோபு? டைஜோபு?" என்கிறார். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டாராம், அது தங்கையிடம் கேட்டுத்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் காவலரைக் கூப்பிடுகிறார் என்றே நினைத்தேன்.

அறை எடுத்திருந்தது டோக்கியோவின் ஓட்சுகா பகுதியில். ஸ்கைலைனர் என்ற விமான நிலைய ரயிலில் நிப்போரி நிலையம் வரை சுமார் 40 நிமிடம், அங்கிருந்து யமனோட்டே வட்டப்பாதையில் ஐந்தாவது நிறுத்தம். வண்டி நிறைய ஆட்கள், ஒருவர்கூடத் தொலைபேசியில் பேசவில்லை. என் தங்கை அழைத்தபோது மணி அடித்ததும் அதை அணைப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல்: "ட்சுகி வா, ஓட்சுகா." வா! யாரோ என்னைத்தான் கூப்பிட்டது போல இருந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்த முதல் சொல் அது, தப்பாகப் புரிந்தது என்றாலும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என்னைப் போல அமைதியைக் கண்டு பயந்தவர்கள் வேறு யாராவது உண்டா?


மூன்றாம் நடைமேடை:

அக்கா, வண்டியில் உட்கார்ந்து படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கினேன். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது.

நீங்கள் அமுக்கிய இசைக்குறிக்கு ஒரு கதை உண்டு. உள்ளே இருக்கும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதே என்று பெண்கள் உட்கார்ந்திருக்கும்போதே திரும்பத் திரும்பத் தண்ணீரைத் திறந்துவிடுவார்களாம். தண்ணீர் ஏகத்துக்கும் வீணானது. அதனால் தண்ணீர் ஓடும் சத்தத்தை மட்டும் எழுப்பும் கருவியை டோட்டோ நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. ஓட்டோஹிமே என்று பெயர். கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை, சத்தம் போடுவது மட்டும்தான் அதன் வேலை.

"வா" என்பது பெயருக்குப் பின்னால் ஒட்டும் விகுதி. "ட்சுகி வா" என்றால் "அடுத்தது". உங்களைக் கூப்பிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கு என்ன நஷ்டம்.


குறுக்குக்கேள்வி:

ஜப்பானுக்குப் போய்வந்த எல்லோரும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அமைதி, ஒழுங்கு, பணிவு. அம்மா, நீங்கள் ஏறியது நெரிசல் இல்லாத நேரம். காலை எட்டு மணிக்கு அதே யமனோட்டேயில் ஏறிப் பாருங்கள். அங்கே அமைதி இருப்பது உண்மைதான், ஆனால் அது நெரிசலில் மூச்சு விட இடமில்லாதவர்களின் அமைதி. இதைப் போய் அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.


தயக்கக்காரி:

நான் அன்பு என்று எங்கே எழுதினேன்? பயந்தேன் என்றுதானே எழுதியிருக்கிறேன்.


மல்லிப்பந்தல்:

குறுக்குக்கேள்வி சொல்வதில் பாதி சரி. பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: காலை நெரிசல் நேரத்தில் டோக்கியோவின் பல தடங்களில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு பெட்டி இருக்கும். நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருப்பார்கள். நெரிசலில் கை வைக்கும் ஆட்களின் தொல்லைதான் காரணம், நிலையங்களில் எச்சரிக்கைச் சுவரொட்டிகளே உண்டு. அந்த ஊரில் விற்கும் கைபேசிகளில் படம் எடுக்கும் ஓசையை அணைக்க முடியாது என்பது தெரியுமா? திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க அங்குள்ள நிறுவனங்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வைத்திருக்கும் ஊர், இதற்கு மட்டும் சத்தம் கட்டாயம் வேண்டும் என்கிறது. நான் போன முதல் தடவை இது தெரிந்தபோது ஊரைப் பற்றிய எண்ணம் கொஞ்சம் மாறியது. பிடிக்காமல் போய்விடவில்லை. தெய்வலோகம் என்று நினைத்திருந்தேன், மனிதர்கள் ஊர்தான் என்று ஆகிவிட்டது. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.


முதல்பயணி:

வணக்கம். நான் இன்னும் 12 நாளில் போகிறேன், தனியாகத்தான். அக்காவின் பதிவைப் படித்ததிலிருந்து வயிற்றைப் பிசைகிறது. குடிவரவில் ஏதாவது கேட்டால் எந்த மொழியில் கேட்பார்கள்? அலர்ஜிக்கு மாத்திரை எடுத்துப் போகலாமா? நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது? யாராவது சொல்லுங்களேன்.


மருந்துக்கடைக்காரர்:

மாத்திரை விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். சளி, மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போடும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். 10 சதவீதத்துக்கு மேல் அது இருக்கும் மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. கோடீன் உள்ள மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆம்ஃபெட்டமின் வகை என்றால் மருத்துவர் சீட்டு இருந்தாலும் கிடையாது. மற்றபடி மருத்துவர் எழுதிக் கொடுத்த சாதாரண மாத்திரைகள் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத்துக்கு உரியது வரை போகலாம். அதைவிட அதிகம் என்றால் முன்கூட்டியே அங்குள்ள சுகாதார அமைச்சகத்திடம் இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் மருந்தின் மூலப்பெயர் இருக்கும், அதைப் படித்துப் பாருங்கள். வணிகப்பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மாத்திரைகளைக் கொட்டி வேறு டப்பாவில் போடாமல் அட்டையோடு, மருத்துவர் சீட்டின் நகலோடு எடுத்துப் போங்கள்.

பழம், செடி, இறைச்சிப் பொருள் எதுவும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. பாசத்தில் யாராவது பெட்டிக்குள் திணித்துவிடுவார்கள், பூட்டும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.


மூன்றாம் நடைமேடை:

முதல்பயணி, குடிவரவில் கேட்டால் எளிய ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். "விசிட் ஜப்பான் வெப்" என்ற அரசு இணையதளத்தில் கிளம்பும் முன்பே விவரங்களை நிரப்பினால் ஒரு கியூஆர் குறியீடு கிடைக்கும். திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இணையம் கிடைக்காமல் போனால் கைகொடுக்கும். விரலும் படமும் புதிதல்ல, 2007 நவம்பரிலிருந்தே வெளிநாட்டவரிடம் எடுக்கிறார்கள். கடவுச்சீட்டை அறையில் விட்டுவிட்டு ஊர் சுற்றாதீர்கள். சுற்றுலா வந்தவர் அதை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

நிலநடுக்கத்துக்கு அவர்கள் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், ஷிந்தோ என்று பெயர். 0 முதல் 7 வரை. 5, 6 இரண்டையும் கீழ், மேல் என்று பிரித்திருப்பதால் மொத்தம் பத்துப் படி. நாம் செய்தியில் கேட்கும் ரிக்டர் எண் நிலத்துக்கு அடியில் எவ்வளவு ஆற்றல் வெளிப்பட்டது என்பதைக் காட்டும். ஷிந்தோ நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்பதைக் காட்டும். ஒரே நிலநடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் ஷிந்தோ மாறும். ஷிந்தோ 2, 3 என்றால் என் அலுவலகத்தில் யாரும் திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்க மாட்டார்கள். பலமாக ஆடும் என்று கணித்தால் கைபேசிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். "சேஃப்டி டிப்ஸ்" என்ற செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வரும். அவசரத்துக்குக் காவல்துறை 110, தீயணைப்பும் ஆம்புலன்சும் 119.


தயக்கக்காரி:

எச்சரிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் அறைக்குப் பக்கத்துத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். மின்கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி திடீரென்று கரகரத்தது. சுனாமி என்றே முடிவு செய்துவிட்டேன். ஓட்சுகாவில் கடலே இல்லை, அதெல்லாம் அப்போது தோன்றுமா? பார்த்தால் மெதுவாக ஒரு மெட்டு. தாலாட்டு மாதிரி, கொஞ்சம் சோகமாக. பக்கத்தில் ஒரு பாட்டி நாயோடு போய்க்கொண்டிருந்தார், அவர் நடையில் ஒரு மாற்றமும் இல்லை. சரி, பாட்டி ஓடினால் நானும் ஓடலாம் என்று அவர் பின்னாலேயே போனேன். மெட்டு நின்றது. ஒன்றும் நடக்கவில்லை.


ஓசாக்கா வாசி:

ஐந்து மணி மெட்டு! பேரிடர் வந்தால் அறிவிப்பதற்கென்று ஒவ்வொரு உள்ளாட்சியும் ஊர் முழுக்க ஒலிபெருக்கி வைத்திருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று தினமும் சோதித்துப் பார்க்க வேண்டும். வெறுமனே "சோதனை, சோதனை" என்று கத்தாமல் பழைய குழந்தைப் பாட்டின் மெட்டைப் போடுகிறார்கள். விளையாடப் போன பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கிளம்பும் நேரம் என்றும் அதுவே சொல்லிவிடுகிறது. குளிர்காலத்தில் சில ஊர்களில் நாலரைக்கே வந்துவிடும்.

காதைத் தீட்டி வைத்திருந்தால் அங்கே இன்னும் நிறையக் கேட்கும். நடைமேடையில் பறவைச் சத்தம் வந்தால் மேலே பார்க்காதீர்கள், பறவை இருக்காது. படிக்கட்டு அந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்வையற்றோருக்குச் சொல்லும் ஒலிப்பதிவு. பயணச்சீட்டு வாயில் இருக்கும் இடத்தில் "பின்... போன்" என்று ஒலிக்கும். சாலை கடக்குமிடத்தில் ஒரு திசைக்கு "குக்கூ", குறுக்குத் திசைக்குக் "கீச் கீச்". அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டும் என்று பல இடங்களில் இரவில் அதை நிறுத்திவிடுவதும் உண்டு.

இன்னொன்று. டோக்கியோவில் நகரும் படியில் இடது ஓரம் நிற்பார்கள், எங்கள் ஓசாக்காவில் வலது ஓரம். சண்டை வேண்டாம், முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள்.


தயக்கக்காரி:

அந்தப் பறவையை நான் நிப்போரியில் ஐந்து நிமிடம் தேடினேன் தம்பி.

எனக்கு வழி காட்டிய இன்னொன்று தரையில் இருந்த மஞ்சள் கோடு. புடைப்பு வைத்த கற்கள். பலகையில் எழுதியது புரியாததால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன், ஒவ்வொரு தடவையும் வாயிலுக்கோ படிக்கோ கொண்டுபோய் விட்டது. பெட்டிச் சக்கரம் அதன் மேல் கடகடவென்று உருண்ட சத்தம்தான் அந்த நிலையத்திலேயே பெரிய சத்தம் என்று நினைக்கிறேன்.


மூன்றாம் நடைமேடை:

அக்கா, தப்பாக நினைக்க வேண்டாம், அதன் மேல் பெட்டியை உருட்டக் கூடாது. நிற்கவும் கூடாது. வெள்ளைக் கோலோடு வருபவருக்கு அதுதான் பாதை. மியாகே செய்இச்சி என்பவர் 1965இல் உருவாக்கியது. 1967இல் ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில்தான் முதலில் பதித்தார்கள். இன்று உலகம் முழுக்க ரயில் நிலையங்களில் நாம் மிதிக்கும் அந்தப் புடைப்புக் கல் அங்கிருந்து கிளம்பியதுதான்.


தயக்கக்காரி:

ஐயோ. யாரும் ஒன்றும் சொல்லவில்லையே!


குறுக்குக்கேள்வி:

அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்ல மாட்டார்கள். நீங்கள் தப்பு செய்தால் முகத்தில் காட்டாமல் விலகிப் போவார்கள். நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன் அங்கே. வீடு வாடகைக்குத் தேடியபோது, வெளிநாட்டவர் என்றதும் முகவர் மிகப் பணிவாகத் தலை குனிந்து இல்லை என்றார். ஒரு இடத்தில் அல்ல, நான்கு இடத்தில். குரல் உயரவே இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.


மல்லிப்பந்தல்:

இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே. "இதே பாட்டு" என்று கிண்டலாகத் தொடங்கியதால்தான் எல்லோருக்கும் கோபம். பத்து நாள் இருந்துவிட்டு வருபவரும் மூன்று வருடம் வாழ்ந்தவரும் பார்ப்பது ஒரே ஊரை அல்ல.


சொல்லேர்:

அந்த "வா" பேச்சுக்கு வருகிறேன். மொழி தெரியாது என்று பயப்படுபவர்களுக்கு ஒரு ரகசியம்: அவர்கள் சொற்களை அடுக்குவது நம்மைப் போலத்தான். "டோக்கியோவுக்குப் போகிறேன்" என்பது "டோக்கியோ நி இகிமாசு". நான்காம் வேற்றுமை "கு" இருக்குமிடத்தில் "நி", வினை கடைசியில். கேள்வியாக்க நாம் "போகிறீர்களா" என்று கடைசியில் "ஆ" சேர்ப்போம், அவர்கள் "கா" சேர்ப்பார்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்றே வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. சொல் வரிசை ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது. ஆனால் பத்து வாக்கியம் மனப்பாடம் செய்ய அந்த வரிசை ரொம்ப உதவும்.


முதல்பயணி:

பத்து முடியாது சார், ஒன்று சொல்லுங்கள்.


சொல்லேர்:

"சுமிமாசென்." மன்னிக்கவும், கொஞ்சம் கேளுங்கள், நன்றி, வழிவிடுங்கள் எல்லாவற்றுக்கும் ஓடும்.


தயக்கக்காரி:

முதல்பயணி, நீ எங்கே தங்குகிறாய் என்று தெரியவில்லை. யமனோட்டே தடத்தில் என்றால் கவலையே படாதே. 30 நிலையம், வட்டப்பாதை, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தப்பான பக்கம் ஏறினாலும் வந்து சேர்ந்துவிடுவாய். எனக்கு முதல் இரவு தைரியம் கொடுத்தது அந்தக் கணக்குதான். நிலையப் பெயர் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் இருக்கும். நிப்போரி ஜேஒய் 07, ஓட்சுகா ஜேஒய் 12. மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். வழியில் கொமகோமே வந்தபோது கதவு மூடும் முன் ஒரு மெட்டு ஒலித்தது, அது செர்ரிப்பூவைப் பற்றிய பழைய பாட்டாம், அந்தப் பக்கம்தான் சோமெய் யோஷினோ என்ற செர்ரி வகை பிறந்த இடமாம். திரும்பி வந்து தங்கைக்குப் பாடிக் காட்டினேன், சுருதி சரியில்லை என்றாள்.

அப்புறம் ஒன்று: அங்கே தரைத்தளமே முதல் தளம். வரவேற்பில் "முதல் தளத்தில் காலை உணவு" என்றார்கள். நான் ஒரு மாடி ஏறி, துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு முன்னால் நின்றேன்.

ஜூனில் போனால் விடியற்காலை நாலரைக்கே வெயில் அடிக்கும். திரையை நன்றாக இழுத்து மூடிவிட்டுப் படு.


முதல்பயணி (12 நாள் கழித்து):

நரிட்டாவிலிருந்து எழுதுகிறேன். விரல் முதல் தடவையே பதிந்தது, நெற்றியில் முன்கூட்டியே தேய்த்து வைத்திருந்தேன். அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார், எத்தனை நாள் என்று. எட்டு என்று சொல்வதற்குப் பதில் "சுமிமாசென்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு விரலை விரித்துக் காட்டினார், நானும் எட்டு விரல் காட்டினேன்.

அக்கா, நீங்கள் அவ்வளவு சொல்லியும் கழிவறையில் முதலில் கை போனது இசைக்குறிக்குத்தான்.


தயக்கக்காரி:

ஆரஞ்சை அமுக்கவில்லையே?


முதல்பயணி:

இல்லை. ஆனால் பக்கத்து அறையில் யாரோ அமுக்கிவிட்டார்கள். மணி அடிக்கிறது. நான் கதவைத் தட்டி "டைஜோபு?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.